தீக்கல் துவக்கும் இரண்டு இறாத்தல் கருமருந்தும்

1

மட்டக்களப்பிலிருந்து மச்சான் குணம் தொலைபேசி எடுத்தான். வழக்கமாக ஒரு தரம் மணியை அடிக்க விட்டு வைத்துவிடுவான். நான்தான் திருப்பி எடுக்கவேண்டும். இந்த முறை நான் தூக்கும் வரை அடிக்க விட்டிருந்தான். விசயம் பெரிது என்று அதிலேயே விளங்கிவிட்டது.

"மச்சான், அங்க போயும் துவக்குத் தூக்கிட்டியாம்?"

"ஆர் சொன்ன?"

"படம் வந்திருக்குடா. இன்டர்நெட் கடையில பொடியன்கள் எடுத்துக் காட்டினவங்க. சிவப்புத் தொப்பி போட்டு, துவக்கைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாய். பின்னால புகை வேற."

"அது நாடகம்டா."

"நாடகத்துக்கு என்னத்துக்கு உண்மைத் துவக்கு?"

இந்தக் கேள்விக்குத் தொலைபேசியில் பதில் சொல்ல முடியவில்லை. ஊரில் மறுபடியும் சண்டை தொடங்கியிருந்த நேரம். துவக்கோடு நிற்கும் ஒருவனின் படம் அங்கே சிரிப்புக்குரிய பொருள் அல்ல. அந்தப் படத்தை யாருக்கும் காட்டவேண்டாம் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுவிட்டு, நடந்ததை ஒழுங்காக எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுதத் தொடங்கியது அவனுக்காக. இப்போது வேறு சிலரும் கேட்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் மொன்றியலுக்கு வந்து அந்தக் கோடையோடு பத்து வருடம். சென்ட் லோரன்டில் இரண்டு அறை வாடகை வீடு. பத்து நிமிடப் பேருந்துத் தூரத்தில் வேலை. மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் போத்தல்களுக்கு மூடி போடும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறேன். என் மனைவி சாந்தி யாழ்ப்பாணத்துக்காரி. கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த லொட்ஜில் அறிமுகமாகி, அங்கேயே கலியாணமாகி, இன்றுவரை என் தமிழைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறாள். எங்களுக்கு ஒரே மகள், மயூரி; நாலு வயதில் எங்களோடு வந்தவள். துவக்குக் கதை அவளிடமிருந்துதான் தொடங்குகிறது.

2

மயூரிக்கு அப்போது பதினான்கு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். பிறகு அந்தப் பதிலும் தேய்ந்து "பொஃப்" என்ற ஒற்றை மூச்சாகிவிட்டது. இந்த ஊர்ப் பிள்ளைகளின் பொஃப் ஓர் அபூர்வமான சொல். ஓம், இல்லை, தெரியாது, என்னை விடுங்கோ என்ற நான்கையும் அது ஒருங்கே குறிக்கும். "சாப்பிட்டியா?" பொஃப். "சோதனை எப்படி?" பொஃப். ஒருநாள் சாந்தி கோபத்தில், "உனக்கு அம்மா வேணுமோ, வேண்டாமோ?" என்று கேட்டாள். அதற்கும் பொஃப்.

அந்த ஆனியில் தொழிற்சாலைக்காரர் குடும்பங்களை எல்லாம் அழைத்து ஒரு பூங்காவில் விருந்து வைத்தார்கள். எங்கள் மேற்பார்வையாளர் அங்கே ஒரு பெரிய மேளத்தோடு வந்தார். அவர் பெயர் ஜில். ஐம்பத்தைந்து வயது. ஆள் கதவளவு அகலம். மூச்சிரைக்காமல் காலணி நாடா கட்டமாட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஒரு படைத் தளபதி. இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்திய பிரெஞ்சுக் குடியேறிகளின் படையைப் போல உடுத்தி, ஆற்றங்கரை வெளி ஒன்றில் ஆங்கிலேயரோடு பொய்ச்சண்டை பிடிக்கும் கழகம் ஒன்றுக்குத் தலைவர். ஆங்கிலேயராக வருபவர்களும் அந்தக் கழகத்துப் பிரெஞ்சுக்காரர்தான். அதற்கு ஆள் சேர்ப்பது மட்டும் எப்போதும் பெரும்பாடு.

மயூரி அந்த மேளத்தைப் பார்த்தாள். தடிகளைக் கேட்டு வாங்கினாள். ஒரு மணித்தியாலம் கழித்து நான் போய்க் கூப்பிட்டபோது அவள் முகம் வியர்த்து, சிரித்துக்கொண்டிருந்தது. அவளுடைய பல்லை நான் பார்த்து நெடுநாளாகியிருந்தது.

"அப்பா, எனக்கு இதில சேரவேணும்," என்றாள். முழு வசனம். தமிழில்.

கழகத்தில் ஒரு விதி இருந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களோடு பெற்றோரில் ஒருவர் வரவேண்டும். பார்வையாளர் கயிற்றுக்கு அப்பால் நின்று பார்ப்பது மட்டும் போதாது. அவரும் வேடம் கட்டி வெளியில் இறங்கவேண்டும். சாந்திக்கு ஞாயிறு வேலை. ஆகவே, துவக்குக்குப் பயந்து கடல் கடந்து ஓடிவந்த நான், ஆடி மாத வெயிலில் கம்பளிக் கோட்டும் சிவப்புத் தொப்பியும் இடக்கால் வலக்கால் பேதமில்லாத சப்பாத்தும் போட்டு, அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கனடாவான நோவெல் ஃபிரான்ஸைக் காக்கப் புறப்பட்டேன்.

3

முதல்நாள் புதியவன் என்று என் கையில் வெறும் தடியைத் தந்து வரிசையின் ஓரத்தில் நிறுத்தினார்கள். பக்கத்தில் இருபது பேர் உண்மையான துவக்குகளோடு நின்றார்கள். துவக்கில் குண்டு கிடையாது, மருந்து மட்டும்தான், சத்தம் பெரிதாக இருக்கும் என்று ஜில் எச்சரித்தார். நானும் தலையாட்டினேன். காதுக்குப் பஞ்சும் வைத்தேன். பிறகு ஜில் "ஃபூ!" என்று கத்தினார். பிரெஞ்சில் நெருப்பு; சுடு என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. நினைவு வந்தபோது என் வாய்க்குள் புல் இருந்தது. முகம் நிலத்தில் பதிந்து, கைகள் தலைக்கு மேல் மூடியிருந்தன.

கயிற்றுக்கு அப்பாலிருந்து கைதட்டல் கேட்டது. ஒரு பெண் "பிராவோ!" என்று கூவினாள். ஜில் புகைக்குள்ளிருந்து ஓடிவந்து என்னைத் தூக்கி நிறுத்தி இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினார்.

"மாஞிஃபிக்! இருபது வருடமாக இந்தக் கழகத்தில் இருக்கிறேன். இப்படி ஒரு சாவை நான் பார்த்ததில்லை!"

அன்றிலிருந்து கழகத்தின் பிரதான பிணம் நான். அடுத்த இரண்டு ஞாயிறுகளும் அதே வேலை. நானாக எதுவும் செய்யத் தேவையிருக்கவில்லை. வெடி கேட்டதும் உடம்பு தானே விழுந்தது. சின்னப் பிள்ளைகள் சண்டை முடிந்ததும் ஓடிவந்து நான் மூச்சு விடுகிறேனா என்று பார்த்தார்கள். ஒரு கிழவர் என்னோடு நின்று படம்கூட எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் ஞாயிறு காரில் வீடு திரும்பும்போது மயூரி என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அப்பா, நீங்க எங்க இதைப் படிச்சது?"

"எதை?"

"விழுறதை. எல்லாரும் கேக்கினம். உங்கட அப்பா ஆக்டரோ எண்டு."

"நடிக்கல்ல புள்ள," என்றேன்.

நெடுஞ்சாலையில் பாலம் திருத்துகிறார்கள். இந்த ஊரில் எப்போதும் ஏதோ ஒரு பாலம் திருத்தத்தில்தான் இருக்கும். வாகனம் நகரவில்லை. அவளிடம் அதுவரை சொல்லாததைச் சொன்னேன். எங்கள் ஊர்ச் சந்தை வீதியில் சோதனைச் சாவடி இருந்தது. அதற்கு அருகில் எப்போதாவது வெடிக்கும். வெடித்தால் படுத்துவிட வேண்டும். என்ன சத்தம் என்று யோசித்தவன் எழும்பவில்லை. நானும் என் கூட்டாளி ஒருவனும் சைக்கிளில் போன அன்று நான் படுத்தேன். அவன் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான் சொன்னேன்.

அவள் பொஃப் என்று சொல்லவில்லை. "நான் ட்ரம் அடிக்கேக்க பயமில்லை, அப்பா," என்றாள். "ஜில் எப்ப கத்துவார் எண்டு எனக்குத் தெரியும். நீங்களே சுட்டா உங்களுக்கும் தெரியும்தானே, எப்ப சத்தம் வரும் எண்டு."

பதினான்கு வயதுப் பிள்ளை. பக்கத்தில் ஒரு வைத்தியர் இருப்பதுபோலத் திரும்பிப் பார்த்தேன்.

4

ஜில்லிடம் மேலதிகமாக ஒரு துவக்கு இருந்தது. பழைய அச்சில் அண்மையில் செய்தது. அதை எனக்கு இரவல் தரச் சம்மதித்தார். அதன் வேலை எளிது. விசையை இழுத்தால் ஒரு சிறு தீக்கல் உருக்கில் உரசிப் பொறி விழும். பொறி விழும் இடத்தில் கரண்டியளவு தட்டு. தட்டில் கொஞ்சம் கருமருந்து. அது பற்றி, பக்கத்தில் உள்ள ஊசித்துளை வழியாக நெருப்பு உள்ளே போய், குழலுக்குள் இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும். வெடி.

இதை சாந்திக்கு விளக்கியபோது அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இஞ்சேருங்கோ. உங்களுக்கு என்ன விசரே? அடுத்த மாசம் சிட்டிசன் சோதனை. இப்ப போய்த் துவக்கோ? 'சிலோன் தமிழ், வீட்டில துவக்கு' எண்டு ஒருத்தன் எழுதினாக் காணும். பேந்து எங்களை எந்தப் பிளேனில ஏத்துவாங்கள் எண்டே தெரியாது."

அவள் சொன்னது நியாயம். இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு எங்கள் நிறத்து ஆட்கள் விமான நிலையத்தில் ஷாம்பூ போத்தலைக்கூடப் பயத்தோடுதான் வெளியில் எடுக்கிறார்கள். ஆகவே அரசாங்கத்திடமே கேட்பது என்று முடிவாயிற்று. துவக்கு விசயங்களுக்கு ஓர் இலக்கம் இருந்தது. பிரெஞ்சுக்கு ஒன்றை அமுக்கு, ஆங்கிலத்துக்கு இரண்டை அமுக்கு. நாற்பது நிமிடம் வயலின் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். மிகவும் மரியாதையான குரல்.

"இந்தத் தீக்கல் நீளத்துவக்குக்கு உரிமம் தேவையில்லை, ஐயா. சட்டத்தில் அது பழம்பொருள்."

"ஆனால் அது சுடும்."

"ஆம், ஐயா."

"சத்தம் வரும். புகை வரும்."

"வரும், ஐயா. ஆனாலும் உரிமம் எடுக்கவேண்டிய துவக்குக் கணக்கில் அது வராது."

எங்கள் ஊரில் துவக்கு மாதிரி இருந்தாலே துவக்கு. குடையை நீளவாக்கில் தோளில் சாய்த்துக்கொண்டு சாவடியைக் கடந்ததற்காக ஒரு வாத்தியாரை அரை நாள் வெயிலில் முழந்தாளில் வைத்தார்கள். இங்கே, சுடுகிற துவக்கைத் துவக்கில்லை என்கிறாள்.

"இதை எழுத்தில் தரமுடியுமா?" என்று கேட்டேன்.

அவளுக்கு ஏன் என்று விளங்கவில்லை. தேவையில்லையே, சட்டத்தில் இருக்கிறதே என்றாள். சட்டத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்க முடியாது அம்மா என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை. மூன்றாம் தரம் கெஞ்சிய பிறகு ஒரு விளக்கப் பிரசுரம் அனுப்பினாள். சாந்தி அதைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு, குடிவரவுக் கடிதங்கள் இருக்கும் பெட்டியில், எங்கள் கலியாணப் பதிவுக்கு மேலே வைத்தாள்.

"சரி," என்றாள். "ஆனா வெடிமருந்து எண்டு ஒண்டும் இந்த வீட்டு வாசல்படி தாண்டப்படாது."

5

ஒரு வியாழக்கிழமை ஜில் எங்கள் வீட்டுத் தொலைபேசியில் செய்தி விட்டிருந்தார். ஞாயிறு வரும்போது இரண்டு இறாத்தல் "புத்ர் நுவார்" வாங்கிவரச் சொல்லி. அவர் கதைப்பது கியூபெக் பிரெஞ்சு. பாதிச் சொல் மூக்குக்குள் நின்றுவிடும். நான் மூன்று தரம் போட்டுக் கேட்டேன். என் காதில் விழுந்தது "புவாவ்ர் நுவார்". அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். மிளகு. சண்டை முடிந்ததும் பெரிய கிடாரத்தில் இறைச்சி அவிப்பார்கள். உப்பும் வெங்காயமும் மட்டும் போட்ட, நோயாளிக்கான சாப்பாடு. கடைசியில் இவர்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தமிழ்க் கடையில் இரண்டு இறாத்தல் மிளகு கேட்டபோது கடைக்கார அண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

"கலியாண வீடோ?"

"இல்லை அண்ணை, சண்டை."

அவர் கெதியாக நிறுத்துக் கட்டித் தந்தார்.

ஞாயிறு ஜில் அந்தப் பையைத் திறந்து, முகர்ந்து, எட்டுத் தரம் தும்மினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்தால் ஆள் முழுவதும் சிரிக்கும். படை முழுவதையும் கூப்பிட்டுக் காட்டினார். மயூரி மேளத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். நான் ஒரு கைபிடி மிளகை இடித்து இறைச்சிக்குள் போட்டேன். அன்று ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நின்றார்கள்.

சரி, மிளகு இல்லை, கருமருந்து. அடுத்த கிழமை ஜில் மீன்பிடிக்கவென்று தனியாக விடுமுறையில் போய்விட்டார். நான் நானாகவே வாங்கிவிடுவது என்று புறப்பட்டேன். வேட்டைச் சாமான்களும் விற்கும் பெரிய கடை ஒன்றுக்கு சாந்தியும் கூட வந்தாள், என்னைக் கண்காணிக்க. அங்கே நின்ற விற்பனையாளன் இரண்டு விதம் இருக்கிறது என்றான். ஒன்று பழைய, உண்மையான கருமருந்து. அது தங்களிடம் இல்லை. மற்றது அதற்குப் பதிலாகப் பாவிக்கும் புதுவகை மருந்து. சட்டென்று பற்றாது, ஆகவே வைத்திருக்கப் பயமில்லை.

"சட்டெண்டு பத்தாதாம். இதைத்தான் வாங்கவேணும்," என்றாள் சாந்தி. "பேந்து என்ன யோசினை?"

பற்றாத வெடிமருந்து. எங்கள் இருவருக்கும் அது கடவுள் தந்த வரமாகத் தெரிந்தது. அந்தப் போத்தல் வீட்டு வாசலைத் தாண்டாமல், கார் நிறுத்தும் இடத்திலிருந்தே நேராக கர்க்லாண்டுக்குப் போய், ஜில்லின் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் அவர் மருந்து வைக்கும் மரப்பெட்டிக்குள் இறங்கியது. பெட்டியைத் திறந்துவிட்ட அவர் மனைவி போத்தலைப் பார்க்கவே இல்லை.

ஞாயிறு வந்தது. வரிசையில் முதல்தரம் உண்மையான துவக்கோடு நின்றேன். ஜில் முன்பே பழக்கிக் காட்டியபடி தட்டில் மருந்து வைத்தேன், குழலில் ஊற்றினேன். ஜில்லுக்குப் பதிலாக வேறொருவர் கட்டளை. "ஃபூ!" நான் விசையை இழுத்தேன்.

டக்.

பொறி விழுந்ததைக் கண்ணால் கண்டேன். ஈர விறகில் விழுந்த பொறிபோல அது மருந்துக்கு மேல் விழுந்து அணைந்தது. என்ன பிழை? கல் தளர்ந்துவிட்டதா? மறுபடி இழுத்தேன். டக். மூன்றாம் தரம். டக். "குழலை மேலே பிடி! அசையாதே!" என்று யாரோ கத்தினார்கள். குழலை வானத்துக்குக் காட்டியபடி, ஊர்வலத்தில் கொடி பிடிப்பவன்போல, நின்ற இடத்திலேயே நின்றேன். பிறகு பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் வந்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, துவக்கை வாங்கி மருந்தைக் கொட்டினார். நான் வெட்கத்தில் தலைகுனிந்து கயிற்றோரமாக வந்தேன்.

ஒரு கிழவி என்னை மறித்தாள். "இன்றைக்கு ஏன் நீங்கள் சாகவில்லை?" என்று குறையோடு கேட்டாள். "உங்களைப் பார்க்கத்தான் என் தங்கையைக் கூட்டிவந்தேன்."

அப்போதுதான் மயூரி மேளத்தோடு ஓடிவந்தாள்.

"அப்பா! நீங்க விழேல்லை!"

"என்ன?"

"எல்லாரும் சுட்டவை. பக்கத்தில. நீங்க விழேல்லை!"

இருபது துவக்குகள் என் காதடியில் வெடித்திருக்கின்றன. நான் என் துவக்கின் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்குக் கேட்கவே இல்லை.

6

ஜில் திரும்பி வந்து அந்தப் போத்தலைப் பார்த்ததும் தலையில் கைவைத்தார். பற்றுவதற்குக் கூடிய சூடு கேட்கும் மருந்து அது; வேறுவகைத் துவக்குக்குச் சரி. தீக்கல்லின் சின்னப் பொறிக்கு அது மசியாது. உண்மையான கருமருந்துதான் வேண்டும் என்று, ஆற்றைக் கடந்து வடக்கே ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருந்த சிறிய துவக்குக் கடை ஒன்றுக்கு வழி சொன்னார். போகும்போது கதவருகே பிடித்து நிறுத்தி, "இரண்டு தகரம் மருந்து வாங்கு. குழலுக்குக் கரடானது, தட்டுக்கு மிக நைசானது. அந்தக் கடைக்காரி வேறு சொல்லுவாள். கேட்காதே," என்றார்.

மயூரி மொழிபெயர்க்க வந்தாள். கடைக்காரி மதாம் லிஸ், அறுபது வயது, வாயில் பற்றவைக்காத சிகரெட். அந்தக் கடையில் அதைப் பற்றவைக்க அவளுக்கே அனுமதியில்லையாம். நான்கு வகையிலும் கொஞ்சம் எடுத்து, யன்னலோரம் ஒரு வெள்ளைத் தாளில் நான்கு சிறு குவியலாக வைத்தாள். எல்லாம் ஒரே கருமருந்து. மணியின் அளவுதான் வேறு. எஃப் என்ற எழுத்து எத்தனை தரம் வருகிறதோ அத்தனை நைசு.

நான் குனிந்து பார்த்தேன். ஒரு எஃப், கடுகு. இரண்டு எஃப், கரட்டு ரவை. மூன்று எஃப், சீனி. நான்கு எஃப், தூள் உப்பு. பத்து வருடத்தில் இந்த நாட்டில் எனக்கு முதல்தரமாக ஒரு பொருள் உடனே விளங்கியது.

"ஏன் பெரிய குழலுக்குக் கரடானது?" என்று மயூரி மூலம் கேட்டேன்.

மணிகளுக்கு இடையில் வெளி இருந்தால்தான் நெருப்பு ஓடும் என்றாள் மதாம் லிஸ். நைசு மருந்து ஒரேயடியாக எரிந்து குழலை நெருக்கும்; கரடு ஆறுதலாக எரியும். உன்னுடையது வாய் அகன்ற துவக்கு, அதற்கு இரண்டு எஃப்.

"அட, புட்டு," என்றேன்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள் மதாம் லிஸ்.

"அப்பா, புட்டுக்கு ஃபிரெஞ்சில என்ன?"

எனக்கு எப்படித் தெரியும்? மா நைசாக இருந்தால் குழலுக்குள் ஆவி ஏறாது, மணிமணியாகக் குழைத்தால் ஏறும் என்று நான் தமிழில் சொல்ல, மயூரி கையால் குழலைக் காட்டி, அரிசிமா, தேங்காய்ப்பூ, ஆவி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். "மணிமணியாய் எண்டா?" என்று இடையில் என்னிடம் கேட்டாள். சொன்னேன். மதாம் லிஸ் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தாள்.

"உங்கள் நாட்டில் துவக்குக் குழலுக்குள்ளா சமைக்கிறீர்கள்?"

மயூரி சிரித்த சிரிப்பில் கடையின் பின்னறையிலிருந்து ஒரு நாய் எழுந்து வந்து பார்த்தது.

தட்டுக்கு நான்கு எஃப்பும் வேண்டும் என்று ஜில் சொன்னதை நான் மெல்ல எடுத்துவிட்டேன். மதாம் லிஸ் முகம் மாறியது.

"ஜில் இருபது வருடமாகச் சுடுகிறான். நீ எத்தனை நாளாக?"

"இன்னும் சுடவில்லை."

"புதியவனுக்கு ஒரே தகரம். இரண்டு தகரம் வைத்திருந்தால் என்றைக்கோ ஒருநாள் நைசு மருந்தைக் கைமாறிக் குழலுக்குள் ஊற்றுவாய். இரண்டு எஃப் தட்டிலும் பற்றும். கண் இமைக்கும் நேரம் பிந்தும், அவ்வளவுதான். நீ என்ன அவசரத்தில் இருக்கிறாய்?"

ஒருபக்கம் என் மேற்பார்வையாளர், தளபதியும்கூட. மறுபக்கம் இந்த மனுசி. ஊரிலென்றால் பெரியவர் சொல்லைத் தட்டியிருக்கமாட்டேன். ஆனால் கைமாறிவிடும் என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. மிளகையும் மருந்தையும் மாற்றி வாங்கியவன் நான். என்னை எனக்குத் தெரியும்.

"ஒரு தகரம். இரண்டு எஃப்," என்றேன். மயூரி மொழிபெயர்க்கக் காத்திராமல், பிரெஞ்சில், நானே.

அடுத்த சனி, கழகத்து வெளியில், ஜில் பக்கத்தில் நிற்க, முதல் வெடி வைத்தேன். தட்டில் ஒரு சின்ன வெளிச்சம், ஒரு "ஃபுஸ்", அதன் பின் ஓர் இமைப்பொழுது. அந்த இமைப்பொழுதில் எனக்கு எல்லாம் தெரிந்தது: இப்போது வரும், என் கையிலிருந்து வரும், ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. வந்தது. நின்றேன். வெள்ளைப் புகை விலகியபோதும் முழங்கால்கள் நேராகவே இருந்தன.

"கொஞ்சம் பிந்துகிறது," என்றார் ஜில், மூக்கைச் சுளித்து. "அந்த மனுசி ஒரே தகரம் என்று சொன்னாளா?"

மயூரி இரண்டு தடியையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு குதித்தாள். அப்போது யாரோ எடுத்த படம்தான் மட்டக்களப்பு வரை போனது.

சுட்ட துவக்கை அன்றே சுடுதண்ணீரும் சோப்பும் விட்டுக் கழுவாவிட்டால் துருப்பிடித்துவிடும். வீட்டுக் குளியல்தொட்டியில் கழுவினேன். கூழ்முட்டை நாற்றம். சாந்தி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தாள். மருந்துதானே வரப்படாது என்றாய், துவக்கைச் சொல்லல்லையே என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள் திரும்பி வந்து, பழைய பல்துலக்கி ஒன்றைத் தந்துவிட்டுப் போனாள்.

அந்த மாதமே சோதனையும் எழுதினோம். நோவெல் ஃபிரான்ஸ் பற்றிய கேள்விகளுக்கு எல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு விடை போட்டேன். இருவரும் சித்தியடைந்தோம். துவக்குப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

7

பருவத்தின் கடைசிச் சண்டை புரட்டாதியில். காலையிலிருந்து தூறல், நண்பகலில் நல்ல மழை. ஆனாலும் குடைகளோடு சனம் வந்திருந்தது. முதல்தரமாக சாந்தியும் விடுமுறை எடுத்து வந்து கயிற்றோரம் நின்றாள். கருமருந்து ஈரத்தை உறிஞ்சும். ஒரு தகரக்காரனான எனக்கும் இரண்டு தகரக்காரரான ஜில்லுக்கும் அன்று வித்தியாசம் இருக்கவில்லை.

"ஃபூ!"

டக், டக், டக், டக் என்று வரிசை முழுவதும் ஓடியது. ஒரு துவக்கும் வெடிக்கவில்லை. ஆங்கிலேயர் பக்கமும் அதே டக், டக். சனம் காத்து நின்றது. மயூரியின் மேளம் நனைந்து "தொப்" என்றது.

ஜில் நெஞ்சை நிமிர்த்தி, இருக்கும் மூச்சையெல்லாம் சேர்த்து, "பூம்!" என்று கத்தினார்.

ஒரு கணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு பக்கத்தில் நின்றவர் "பூம்!" என்றார். அடுத்தவர். நாற்பது வளர்ந்த ஆட்கள் மழைக்குள் நின்று மாறிமாறி வாயால் வெடி வைத்தார்கள். நான் "டுமீல்!" என்றேன். ஆங்கிலேயர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அது என்ன ஆயுதமோ என்று நினைத்திருப்பார்கள்.

இனி யாராவது சாகவேண்டும். ஆனால் நிலம் முழுக்கச் சேறு. இரவல் கோட்டோடு விழ ஒருவரும் தயாரில்லை. இரண்டு படையும் மெல்ல என்னைப் பார்த்தன. கயிற்றோரக் கிழவியும் நம்பிக்கையோடு பார்த்தாள்.

நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். "நோ, மெர்சி."

ஜில் பெருமூச்சு விட்டார். தொப்பியைக் கழற்றி என்னிடம் தந்தார். பிறகு அந்த அகலமான மனிதர், ஒரு கையை நெஞ்சில் வைத்து, அலுமாரி சரிவதுபோலச் சரிந்து சேற்றில் விழுந்தார். கயிற்றோரம் கைதட்டியவர்களில் சாந்தியின் வளையல் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது.

நான் பக்கத்தில் குனிந்தேன். கண்ணைத் திறந்து, மூச்சு வாங்க, "சரியாக விழுந்தேனா?" என்று கேட்டார்.

"இல்லை. முதலில் முழங்கால். பிறகு கை தலைக்கு மேலே வரவேண்டும்."

"நீ எப்படித்தான் அப்படி விழுகிறாயோ. எங்கே பழகினாய்?"

"எங்கள் ஊர்ச் சந்தை வீதியில். அங்கே உண்மையாகவே வெடிக்கும்," என்றேன்.

மழை அவர் முகத்தில் பெய்தது. அவர் என்னைப் பார்த்தார். தட்டிக்கொடுத்த மூன்று ஞாயிறுகளும் அவர் கண்ணுக்குள் ஒவ்வொன்றாகப் போவது எனக்குத் தெரிந்தது.

"பரவாயில்லை ஜில்," என்றேன். "நீங்கள் பழகத் தேவையில்லை."

அவர் சேற்றுக் கையை நீட்டினார். இழுத்தேன். ஆள் அசையவில்லை. மயூரி மேளத்தைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு வந்து மற்றக் கையைப் பிடித்தாள்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு சொல்லுவன், அப்பா," என்றாள். "மூண்டில தூக்குங்கோ."